கொடி பாத்துட்டு வாறேன்

அருக்காணிக்குக் கோபம் ஏற ஏறப் பேச்சில் மரியாதை கூடிக்கொண்டே போகும். மனசு லேசாக இருக்கும்போது "என்ன", "சரி", "போ" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறவள், எரிச்சல் வந்துவிட்டால் "என்னங்க, ஏனுங்க, நல்லா இருக்குதுங்க" என்று வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத் தாளித்துவிடுவாள். சேலத்து மலையில் வெள்ளக்கடைக்குப் பக்கத்து எஸ்டேட்டில் அவளோடு காப்பிப் பழம் பறிக்கிற பெண்களுக்கு இது அத்துப்படி. "அக்கா இன்னிக்கு நொம்ப மரியாதையாப் பேசுது, தள்ளியே நில்லுங்கடி" என்பார்கள்.

அந்த வருஷம் மழை ஓய்ந்து பழம் சிவக்கத் தொடங்கியதிலிருந்து அவள் ஊர் முழுக்க மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

காரணம் வெளியே சொல்லும்படியாக இல்லை. நீர் பிரியும்போது எரிந்தது. மிளகாய் அரைத்த கையால் கண்ணைக் கசக்கின மாதிரி எரிந்தது. போய்விட்டு எழுந்தால் மறுபடி வருகிற மாதிரி இருக்கும். மறுபடி உட்கார்ந்தால் நாலு சொட்டு. அடிவயிற்றில் கயிறு கட்டி யாரோ கீழே இழுப்பது போல ஒரு கனம். அதோடு இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி, கிளையை வளைத்துப் பழம் பறிக்க வேண்டும்.

இதற்கு எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் ஒரே பெயர்தான்: சூடு. "உனக்குச் சூடு புடிச்சிருக்குது புள்ள" என்று யாராவது ஒருத்தி சொல்லிவிட்டால் அதோடு விசாரணை முடிந்தது. அவள் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, கருவாடு தின்றாள், வெயிலில் நின்றாள். மார்கழிப் பனியில், ஸ்வெட்டருக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, எதிரில் நிற்கிறவள் முகம் தெரியாத மூட்டத்தில் பழம் பறிக்கிறவளுக்கு வெயில் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வைத்தியத்துக்கு மட்டும் குறைவே இல்லை. பக்கத்து வீட்டு ராசம்மாள் நெருஞ்சி முள்ளைத் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தாள். ஒருத்தி சப்ஜா விதை என்றாள், ஒருத்தி பார்லி என்றாள், உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வை என்றாள் இன்னொருத்தி. அருக்காணி எல்லாவற்றையும் குடித்தாள், எல்லாவற்றையும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தேவலை போல இருக்கும். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் பழையபடி ஆகிவிடும்.

அவள் புருஷன் மாதப்பனுக்குத் தெரிந்தது சுண்ணாம்பு. எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை உலர்த்துகிற வேலை அவனுக்கு. சாயங்காலம் வந்ததும் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுப்பான். அவள் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரல் நகத்திலும் பூசிவிடுவான். காலில் பூசினால் சூடு இறங்கிவிடுமாம். நகச்சாயம் பூசின மாதிரி அவள் வெள்ளை விரல்களோடு சமைத்துக்கொண்டிருப்பாள். பாசத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது. அது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த எஸ்டேட்டில் பெண்களுக்கென்று ஒரு மறைவிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. லைன் வீட்டுப் பக்கம் கக்கூஸ் உண்டு. ஆனால் பறிப்பு நடக்கிற கீழ்க்காட்டிலிருந்து அங்கே ஏறிப் போய்த் திரும்பினால் பாதிப் பொழுது போய்விடும். காட்டுக்குள்ளேயே, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி அடர்ந்து படர்ந்திருக்கிற இடமாகப் பார்த்து ஒதுங்குவார்கள். அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. நிரையில் நிற்கிறவள் சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டு, "கொடி பாத்துட்டு வாறேன்" என்பாள். அவ்வளவுதான். பழைய மேஸ்திரி மூக்கன் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பீடியைப் பற்றவைப்பார். பீடி தீரும்வரை திரும்ப மாட்டார். அருக்காணி கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த புதிதில் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த சங்கதி பழம் பறிக்கிற முறை இல்லை, இந்த வார்த்தைதான்.

முந்தின வருஷம் மூக்கன் வயசாகி வேலையிலிருந்து நின்றுவிட்டார். அவர் இடத்தையும் சேர்த்துப் பார்க்க, கணக்கு எழுதுகிற புது ரைட்டர் வந்தார். பெயர் தேவசிகாமணி. சேலத்தில் ஒரு நூல் மில்லில் இருந்தவர். கெட்ட மனுஷன் இல்லை. யாரையும் வாடி போடி என்று பேச மாட்டார், "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். வந்த முதல் மாதம் பெண்கள் மாறி மாறி "கொடி பாத்துட்டு வாறனுங்க" என்று போவதைப் பார்த்து அவர் நெகிழ்ந்துபோனார். "நம்ம ஆளுங்களுக்கு மொளகுக் கொடி மேல என்ன அக்கறை பாருங்க, சொல்லாமயே போயிப் பாத்துட்டு வர்றாங்க" என்று முதலாளியிடமே சொன்னார். பெண்கள் சாக்கில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. மிளகு சரம் பிடித்து முற்றத் தொடங்கின சமயம், மேல்காட்டில் சில கொடிகளை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். யாரென்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. ரைட்டருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அக்கறை என்று நினைத்ததெல்லாம் இதுதானா? மறுநாள் காலை களத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டார்:

"இனிமே வேலை நேரத்துல யாரும் கொடி பாக்கப் போகக் கூடாது. மீறிப் போனா வாச்சர் வேடியப்பன் கூட வருவாரு. என்னமோ உங்களைச் சந்தேகப்படறேன்னு நெனைக்காதீங்க. கொடியைப் பாக்கறதுக்குன்னு தனியா ஆள் இருக்கு."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சொல்ல வேண்டுமானால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். ஒரு ஆம்பிளையிடம், களத்தில், அத்தனை பேர் முன்னால். யாருக்கும் நாக்கு எழவில்லை.

அன்றைக்கே ஒருத்தி பொறுக்க முடியாமல் போனாள். வேடியப்பன், பாவம், சட்டம் சட்டம்தானே என்று தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனார். அவள் கொடிகளைச் சும்மா அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டாள். சாயங்காலம் லைன் வீட்டுக்கு அவள் ஓடினாளாம், ஓட்டமாய்.

அதற்கு மேல் எல்லோரும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். காலையில் காப்பி அரை டம்ளர், மத்தியானம் சோற்றோடு தொண்டை நனைய ஒரு வாய். வாய்க்கால் ஓடுகிற மலையில், பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் கசிகிற காட்டில், உதடு வெடிக்க நின்று பழம் பறித்தார்கள்.

அருக்காணிக்கு எரிச்சல் ஆரம்பித்தது அந்த மாதத்தில்தான். மாதப்பன் டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் மருந்துக்கடையில் "ஊட்டுல சூடுங்க" என்றான். கடைக்காரர் எதையும் கேட்காமல் குப்பி மாத்திரை என்று சிவப்பும் மஞ்சளுமாகக் கேப்சூல் கொடுத்தார். இரண்டு வேளையில் எரிச்சல் நின்றது. நின்றதும் அவள் மாத்திரையை நிறுத்திவிட்டு மிச்சத்தை அரிசி டின்னில் அடுத்த தடவைக்கு எடுத்துவைத்தாள். அடுத்த தடவை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒரு தடவை குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டு, முதுகு விண்ணென்று வலித்து, வாந்தியெடுத்து, ஜீப்பில் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஊசியும் குளுக்கோஸுமாக ஏற்றி அனுப்பினார்கள். அது போன பறிப்பில்.

இந்தப் பறிப்பில் மறுபடி. குப்பி மாத்திரை இப்போது கேட்கவே இல்லை. பெரிய மாத்திரை என்று கடைக்காரர் வேறொன்று கொடுத்தார், அதுவும் கேட்கவில்லை. மாதப்பன் பயந்துபோய் அவளைச் சேலத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டரம்மா சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மறுபடி வரச் சொல்லி, ரிப்போர்ட்டைப் பார்த்தபோது முகம் சுளித்தார்.

"இதுவரைக்கும் சாப்பிட்ட மாத்திரையெல்லாம் என்ன?"

அருக்காணி சொன்னாள். அரிசி டின்னையும் சேர்த்துச் சொன்னாள்.

"அதான். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக் குடுத்து அந்தக் கிருமியைப் பழக்கி வெச்சிருக்கீங்க. இப்ப அது அந்த மாத்திரைக்கெல்லாம் பயப்படறதில்லை."

"சூடு இல்லீங்களா?"

"சூடும் இல்லை, ஒண்ணும் இல்லை. கிருமி." டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நல்லாக் கேட்டுக்கங்க. போன வருஷம் மாதிரி குளிர்காய்ச்சல், முதுகுவலி, வாந்தின்னு வந்தா அது கிட்னி வரைக்கும் ஏறிருச்சுன்னு அர்த்தம். அப்ப யோசிக்காம உடனே ஓடி வரணும், ஊசி மருந்து ஏத்தித்தான் ஆகணும். ஆனா அந்த ஊசியையும் இதே மாதிரிப் பழக்கிட்டீங்கன்னா நாளைக்கு என் கையில ஒண்ணுமே இருக்காது. இப்ப உங்களுக்குக் காய்ச்சல் இல்லை. அதனால இப்போதைக்குக் கிருமி மாத்திரை தரப்போறதில்லை. வலிக்கு மட்டும் தரேன். ஒரு வாரம் கழிச்சு வந்து காட்டணும்."

"அப்ப மருந்து?"

"தண்ணி."

கேலி செய்கிறாரோ என்று அருக்காணி அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை.

"நாள் பூரா தண்ணி குடிக்கணும். வரும்போதெல்லாம் போகணும், வராட்டியும் ரெண்டு மூணு மணிக்கு ஒருக்கா போகணும். அடக்கவே கூடாது. உள்ள தேங்கி நின்னா கிருமி பெருகும், ஓடிக்கிட்டே இருந்தா கழுவிக்கிட்டுப் போயிரும். அவ்வளவுதான் விஷயம். உங்க கஷாயம், பார்லியில எல்லாம் கொஞ்சம் கேட்டுதுன்னா அதுல இருந்த தண்ணிதான் கேட்டிருக்கும்." அப்புறம் மாதாமாதம் வருவது நின்றுவிட்டதா என்று கேட்டார். நின்று இரண்டு வருஷம் ஆகிறது என்றாள். "அது நின்னா அந்த எடம் வறண்டு போகும், கிருமி சுலபமா ஒட்டிக்கும். அதுக்கு ஒரு களிம்பு எழுதறேன், உள்ள தடவிக்கணும். வெக்கப்படாமத் தடவணும். ஆமா, நீங்க ஏன் அடக்கறீங்க?"

அருக்காணிக்கு வாய் திறந்தது. திறந்த வாயில் பழகின வார்த்தைதான் வந்தது.

"கொடி பாக்க உட மாட்டேங்கறாங்க."

"கொடியா? என்ன கொடி?"

அவள் மாதப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டு ஏறியது. அருக்காணி ஜன்னலோரம் உட்கார்ந்து களிம்புப் பையை மடியில் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி கக்கூஸுக்குப் போய்விட்டு வந்திருந்ததால் வயிறு லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. இவ்வளவு சுலபமா? ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள்.

"அந்த ரைட்டரையும் என்ன சொல்றது?" என்றான் மாதப்பன், தானாகவே. "கீழ்நாட்டு ஆளு. கொடின்னா கொடின்னுதான நெனைப்பான்."

அவள் திரும்பினாள். "கொடின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்கம்மா காலத்துல இருந்து சொல்றதுதான. எல்லா ஆம்பளைக்கும் தெரியும்."

"எல்லா ஆம்பளைக்குமுங்களா?"

"ஆமா."

"ரைட்டரு களத்துல சட்டம் போட்டப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

மாதப்பனுக்கு 'ங்க' காதில் விழுந்தது. சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அங்கதான். அவரு பக்கத்துலதான் நின்னேன்."

"அதைச் சொல்றதுக்கு உங்களுக்கு வாயி இல்லீங்களா?"

"ஏம்புள்ள, அதைப் போயி ஒரு ஆம்பளைகிட்ட எப்படிச் சொல்றது? என்ற பொண்டாட்டிக்கு இப்படின்னு... கேக்கறவன் என்ன நெனைப்பான்? அசிங்கம் பாரு."

"அசிங்கமுங்க. நொம்ப அசிங்கமுங்க. நான் ஜொரத்துல கெடந்தப்ப ஜீப்பு புடிச்சீங்க, மருந்துக்கடைக்கு ஓடுனீங்க, காலுக்குச் சுண்ணாம்பு பூசுனீங்க. எல்லாம் பண்ணுனீங்க. ஒரு வார்த்தை சொல்றதுக்கு மட்டும் உங்களுக்கு அசிங்கமாப் போச்சுங்களா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மாதப்பன் மெதுவாகப் பேசு என்று கையால் காட்டினான். அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல அவன் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்துகொண்டு அவள் காலை எட்டிப் பிடித்தான். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அதை உங்க நாக்குல தடவிக்கங்க. வெந்தாவாச்சும் ஒரு வார்த்தை வெளியில வரும்."

மறுநாள் பறிப்பில் அவளுக்குப் பக்கத்து நிரையில் அமுதா நின்றாள். போன தையில் கல்யாணமாகி வந்த பெண். குனிந்தவள் நிமிராமல் அப்படியே கொஞ்ச நேரம் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அருக்காணி பார்த்தாள்.

"ஏங்கண்ணு, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. கொஞ்சம் சூடு." அமுதா சிரிக்கப் பார்த்தாள். "எங்கூட்டுல மருந்துக்கடையில கேட்டு ஒரு குப்பி மாத்திரை வாங்கியாந்தாரு. செவப்பும் மஞ்சளுமா. ரெண்டே வேளைதான், நின்னு போச்சுங்க. மிச்சத்தை எடுத்து வெச்சிருக்கறேன்."

அருக்காணிக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று ஏறி வந்தது. இந்தத் தடவை அது நோய் இல்லை.

அடுத்த நாள் அவள் வீட்டில் இருந்ததிலேயே பெரிய பாட்டிலை எடுத்துக்கொண்டு காட்டுக்கு வந்தாள். கூல்டிரிங்ஸ் பாட்டில், பொங்கலுக்கு மகள் வந்தபோது வாங்கினது. நிரையில் நின்று, அண்ணாந்து, கடகடவென்று பாதியைக் குடித்தாள். ராசம்மாள் அலறினாள்.

"அடியே, கிறுக்குப் புடிச்சிருச்சா? சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணுவ?"

"இது மருந்து. நாள் பூரா குடிக்கச் சொல்லியிருக்காங்க."

"குடிச்சா வருமேடி!"

"வரட்டும். வர்றதுக்குத்தான் குடிக்கறேன்."

பொழுது ஏறுவதற்குள் மிச்சத்தையும் குடித்தாள். வந்தது. அவள் சாக்கை அவிழ்த்துச் செடியடியில் வைத்த நேரத்தில் மேலே பாதையில் முதலாளி வந்துகொண்டிருந்தார். மிளகு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர். கூட ரைட்டர், வாச்சர் வேடியப்பன், களத்திலிருந்து சாக்குத் தூக்க வந்த ஆண்கள் சிலர். அவர்களில் மாதப்பனும் இருந்தான்.

நல்ல சமயம் இல்லை என்று ராசம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அருக்காணி உதறிவிட்டு நிரையை விட்டு இறங்கினாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் ரைட்டர். முதலாளி பக்கத்தில் இருந்ததால் குரலில் கூடுதல் கண்டிப்பு.

பின்னாலிருந்து யாரோ ஒருத்தி அவளுக்காகப் பயந்து எடுத்துக்கொடுத்தாள்: "கொடி பாக்கப் போவுதுங்க."

"அதான் கூடாதுன்னு சொல்லியிருக்குதே? பாருங்க சார், இதைத்தான் உங்ககிட்டச் சொன்னேன். எத்தனை சொன்னாலும் கொடிகிட்டப் போறாங்க. வேடியப்பா, கூடப் போ."

வேடியப்பன் தடியை எடுத்துக்கொண்டு இரண்டடி வந்தார். அவர் கண் தரையில் இருந்தது. அருக்காணி மாதப்பனைப் பார்த்தாள். இப்போதாவது. அவன் தோளில் கிடந்த சாக்கைச் சரி செய்துகொண்டிருந்தான். அதில் சரி செய்ய ஒன்றும் இல்லை.

"ரைட்டர் சாருங்க," என்றாள். "நான் கொடி பாக்கப் போகலீங்க. நான் எந்தக் காலத்துலயும் கொடி பாக்கப் போனதில்லீங்க. இங்க நிக்கற ஒருத்தியும் போனதில்லீங்க."

"பின்ன எங்க போறீங்க?"

"ஒண்ணுக்குப் போறனுங்க."

ரைட்டர் முகத்தில் முதலில் புரியாமையும், அப்புறம் புரிதலும், அப்புறம் காது மடல் வரைக்கும் சிவப்பும் வந்தன. எத்தனை மாதமாக, எத்தனை பேர் பின்னால் ஆளை அனுப்பினோம் என்று அவர் நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. வேடியப்பன் தடியை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அடக்கி அடக்கித்தானுங்க போன வருஷம் ஆஸ்பத்திரியில கெடந்தேன். இப்ப மாத்திரையும் கேக்க மாட்டேங்குதுங்க. இனி மருந்து தண்ணிதான்னு டாக்டரம்மா சொல்லிருச்சுங்க. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருதுங்க. வந்தாப் போவோணுங்க. போறதுக்கு எடம் எங்கீங்க? இந்தப் புள்ள அமுதாவுக்கும் ஆரம்பிச்சிருச்சுங்க. அதோ அவளுக்கு, இவளுக்கு, கேட்டுப் பாருங்க. எல்லாருக்கும் சூடுதானுங்க. இந்தப் பனியில அத்தனை பேருக்கும் சூடுங்க."

முதலாளி தொண்டையைச் செருமினார். பார்வையைப் பக்கத்து மரத்தின் மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "தேவசிகாமணி, ஸ்டோர்ல தார்ப்பாய் கெடக்குதில்ல? குழி எடுத்து, நாலு கம்பு நட்டு ஒரு மறைப்புக் கட்டிக் குடுத்துருங்க. ரெண்டு கொடத்துல தண்ணியும் வெச்சுருங்க. வேலை நேரத்துல யாரும் தடுக்க வேண்டாம்." சொல்லிவிட்டு மிளகைப் பார்க்க நடந்துவிட்டார். செருப்பில் ஒட்டின சேற்றைத் தட்டிவிடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அருக்காணிக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா? ஸ்டோரில் கிடக்கிற தார்ப்பாயா? அதற்காகவா கிருமி அவள் கிட்னி வரைக்கும் ஏறியது?

ரைட்டர் போகாமல் நின்றார். மெய்யாகவே வருத்தமாகத்தான் சொன்னார்: "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாமுங்க," என்று ஆரம்பித்தாள் அருக்காணி. அவருக்குப் பின்னால் மாதப்பன் நின்றுகொண்டிருந்தான். அவள் பார்வை ரைட்டரைத் தாண்டிப் போனது. "இந்தாளுக்குத் தெரியும். உன் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தான். அவனைக் கேளு, ஏன் சொல்லலைன்னு."

'ங்க' இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. ராசம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அருக்காணி புருஷனைப் பற்றி அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கோபத்துக்கும் மேலே ஒரு படி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

அவள் திரும்பிக் கொடிகள் அடர்ந்த பக்கம் நடந்தாள். யாரும் பின்னால் வரவில்லை. எரிந்தது. ஆனாலும் அவசரப்படாமல் போய்விட்டு வந்தாள்.

குழி எடுக்கிற வேலையை ரைட்டர் யாரிடம் கொடுப்பது என்று யோசித்துவிட்டு மாதப்பனிடமே கொடுத்தார். அது தண்டனையா, கொடுக்கும்போது அவன் காதோரம் ஏதாவது சொன்னாரா என்று அருக்காணி விசாரிக்கவில்லை. வீட்டில் அவர்களுக்குள் பேச்சு சோறு, தண்ணீர், விளக்கு என்கிற அளவில்தான் நடந்தது. அவன் சுண்ணாம்பு டப்பா வெற்றிலைப் பைக்குள்ளேயே கிடந்தது. களிம்பு இருக்கிற இடத்தை மட்டும் அவன் தினமும் பார்த்து, தீர்ந்துவிட்டதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு வைப்பதை அவள் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

கீழ்க்காட்டின் ஓரத்தில், பாதைக்குப் பக்கத்தில், மம்பட்டியை வைத்து அவன் வெட்ட ஆரம்பித்தான். பத்தடி தள்ளி நிரையில் அருக்காணி பறித்துக்கொண்டிருந்தாள். செம்மண் ஈரமாக இருந்ததால் குழி சீக்கிரம் இறங்கியது. பாதையில் பக்கத்து எஸ்டேட் ஆட்கள் மிளகுக் கூடைகளோடு வந்தார்கள். முன்னால் வந்த காளியப்பன் மாதப்பனுக்குச் சின்ன வயதுச் சேக்காளி. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குழியை எட்டிப் பார்த்தான்.

"என்ன மாதப்பா, மலை உச்சியில கெணறு வெட்டறயா?"

மாதப்பன் நிமிராமல் சொன்னான்: "அதெல்லாம் இல்லடா. உரக்குழி."

நிரையில் பழம் சாக்கில் விழுகிற சத்தம் நின்றது. ஒருத்தியிடம் மட்டும் இல்லை, நிரை பூராவும் நின்றது. மாதப்பன் நிமிர்ந்து பார்த்தான். அருக்காணி இவன் பக்கம் திரும்பி, சாக்கின் வாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அமுதா நின்றாள். ராசம்மாள் நின்றாள்.

அவன் மம்பட்டியைக் குழிக்குள் ஊன்றினான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தை மறுபடியும் துடைத்தான்.

"உரக்குழி இல்லடா," என்றான். "பொம்பளைங்களுக்கு."

"பொம்பளைங்களுக்கு என்ன?"

"ஒண்ணுக்குப் போறதுக்குடா. என்ற பொண்டாட்டிக்கு அடக்கி அடக்கி நோவு வந்துருச்சு. நாந்தான் சொல்லாம இருந்துட்டேன். போதுமா? போ, கூடையைத் தூக்கிட்டுப் போ."

காளியப்பன் சிரிக்கவில்லை. குழியை இன்னொரு தடவை பார்த்தான். "எங்க எஸ்டேட்டுலயும் இல்லடா," என்று முனகிக்கொண்டே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனான்.

அருக்காணி செடியடியில் இருந்த பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகி அண்ணாந்து குடித்தாள். அவசரமில்லாமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு குழிப் பக்கம் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் ஆழமாத் தோண்டு," என்றாள். "பொழுது எறங்கறதுக்குள்ள இன்னொரு பாட்டிலு குடிக்கோணும்."

'ங்க' இன்னும் திரும்பி வரவில்லை. மாதப்பன் மம்பட்டியை எடுத்தான்.